தோளில் இருந்த கை

நம்புங்கள் என்று உங்களிடம் கெஞ்சப் போவதில்லை. தம்பிக்காக ஏழு வருடம் பார்த்தவர்களிடமெல்லாம் கெஞ்சி என் வாய் ஓய்ந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி, கடிகாரம் காட்டிய நேரத்தோடு சொல்கிறேன். அவ்வளவுதான்.

ஒரு தெருமுனையில் ஒரு பையனைக் குத்திக் கொன்றார்கள். குத்தியவன் ஒருவன். சிறைக்குப் போனவர்கள் ஆறு பேர். என் தம்பி அப்போது தெருவின் மறுகோடியில் நின்றிருந்தான். ஆனால் குத்தியவனோடு எப்போதோ எடுத்த குரூப் போட்டோ ஒன்றில் அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். நீதிமன்றத்துக்கு அந்தச் சிரிப்பே போதுமானதாக இருந்தது.

எங்களைப் போன்ற குடும்பங்கள் மாதம் ஒரு சனிக்கிழமை நீதிமன்ற வாசலில் பிள்ளைகளின் படத்தோடு நிற்போம். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் பக்கத்தில் யார் இருந்தாலும் வெட்டிவிடுவோம். பெற்ற தாயாக இருந்தாலும் சரி. "கூட நின்னதுக்குத்தானே உள்ள இருக்காங்க? படத்துலயாவது தனியா நிக்கட்டும்" என்பார் நர்ஸக்கா. எங்களை ஒன்று சேர்த்தவர் அவர்தான். அவர் மகனும் உள்ளேதான்.

சாலையின் எதிர்ப்பக்கம் ஒரு அம்மா வந்து நிற்பார். செத்துப்போன பையனின் அம்மா. எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் ஒரு கடிதம் கொடுத்தால் மறுவிசாரணை மனுவுக்கு உயிர் வரும் என்றார் வக்கீல். யார் போய்க் கேட்பது?

அன்று வெள்ளிக்கிழமை. நான் வேலை பார்க்கும் அச்சுக்கடையில் முதலாளி கிளம்பிவிட்டார். போன மாதம் சிறையின் பார்வையாளர் அறையில் காவலர் ஒருவர் எடுத்துக்கொடுத்த படத்தைக் கணினியில் திறந்தேன். தம்பி சுவரை ஒட்டி நிற்கிறான். அவனுக்கு இடது பக்கம் அம்மா. அம்மாவை வெட்டினேன். பிரிண்ட் கொடுத்தேன்.

மாலை 5:52.

தம்பியின் வலது தோளில் நான்கு விரல்கள் இருந்தன.

அம்மாவின் கையைச் சரியாக வெட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். களைப்பு. ஆனால் அம்மா நின்றது இடது பக்கம். இரண்டு கையாலும் பையைப் பிடித்திருந்தாள். திரையைப் பார்த்தேன். அங்கே விரல்களே இல்லை. காகிதத்தில் மட்டும்தான்.

இன்னொரு பிரிண்ட். 6:04.

இப்போது மணிக்கட்டும் தெரிந்தது. சுண்டுவிரலில் நகம் இல்லை.

அம்மாவுக்கு போன் செய்தேன்.

"அன்னைக்கு அவன் பின்னாடி யாரும்மா நின்னது?"

"சுவருடி. சுவத்துக்குள்ள யாரு நிப்பா? நீ மத்தியானம் சாப்பிட்டியா இல்லையா?"

பிரிண்டரை அணைத்தேன். பிளக்கையும் பிடுங்கினேன்.

6:17.

சர்ர்ர்... சர்ர்ர்...

தாள் வெளியே வந்தது. வெறும் வெள்ளைத் தாள். பின்னாலேயே இன்னொன்று...

அப்போதுதான் என் வலது தோளில்... கனம்.

நான்கு விரல்கள்.

அழுத்தவில்லை. இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

நான் திரும்பவில்லை.

மூச்சு விட்டேனா... தெரியாது.

6:31.

கனம் போய்விட்டது.

மறுநாள் வேறு பிரிண்ட் எடுக்கத் தெம்பில்லை. கை இருந்த படத்தையே அட்டையில் ஒட்டிக்கொண்டு நீதிமன்ற வாசலுக்குப் போனேன். "யாருடி அது? வெட்டச் சொன்னேன்ல" என்று நர்ஸக்கா முறைத்தார். நான் பதில் சொல்வதற்குள் எதிர்ப்பக்கம் நின்ற அந்த அம்மா சாலையைக் கடந்து வந்தார். ஏழு வருடத்தில் முதல் தடவை.

நேராக என் முன்னால் வந்து, நகமில்லாத சுண்டுவிரலைத் தொட்டார்.

"எப்ப எடுத்தது?"

"போன மாசம்... ஜெயில்ல."

"கதவுல நசுங்கின விரல்" என்றார். "அப்ப அவனுக்கு நாலு வயசு."

படத்திலிருந்து விரலை எடுக்காமலேயே தொடர்ந்தார்.

"பயந்தா இப்படித்தான். யாராவது ஒருத்தர் பின்னாடி போய்த் தோளைப் பிடிச்சுக்குவான். நம்பினவங்களை மட்டுந்தான் பிடிப்பான்."

எங்களோடு நின்ற வக்கீல் தயாராக வைத்திருந்த கடிதத்தை வாங்கி, என் தோள் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். போகும்போது ஒன்று மட்டும் சொன்னார்.

"இதுல என் பையனை வெட்டிடாதம்மா."

ஞாயிற்றுக்கிழமை தம்பி சிறையிலிருந்து பேசினான். கடிதத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது. உள்ள வந்த நாள்லேர்ந்து என் வலது தோள் கனமாவே இருக்கும். டாக்டர்கூட ஒண்ணுமில்லைன்னுட்டாரு. வெள்ளிக்கிழமை ஆறேகால் இருக்கும்... சட்டுனு இறங்கிடுச்சு. ஏழு வருஷத்துல முதல் தடவை நிமிர்ந்து உட்கார்ந்தேன்."

"அப்புறம்?"

"ஆறரைக்கு ஆள் எண்ண வரிசையில நிக்க வச்சாங்க. அப்ப திரும்ப வந்துடுச்சு."