பூந்தொட்டிக்குப் பின்னால் வைத்த சாவி

1987ஆம் ஆண்டு ஏப்ரல் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணிக்கு சொலான்ஜ் திசாந்தியே முதன்முறையாக எலோய் கம்பெஃபோரின் கதவைத் தட்டினாள். வெர்னுசால் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தராக அவள் சேர்ந்தது அன்று காலையில்தான். நாற்பத்தொரு பேர் வாழும் அவ்வூரின் தேவாலயக் கதவில் 'சாவி எதிர்வீட்டில்' என்றிருந்த அட்டையைப் படித்துவிட்டு வந்திருந்தாள்.

"அரை மணி நேரம் இருக்கு, பொண்ணே," என்றார் எலோய், கொக்கியிலிருந்து சாண்நீளச் சாவியை எடுத்தபடி. "பன்னெண்டு அடிச்சா சூப்புக்கு முன்னாடி உக்காந்துடுவேன். போப்பாண்டவரே வந்து தட்டினாலும் ரெண்டு மணிக்கு மேலதான்."

"போப்பாண்டவர் இந்த மலைக்கு எதுக்கு வரப்போறாரு, முசே?"

"எங்க நாயைப் பாக்கத்தான்!"

அவர் சொன்னது மரத்தாலான நாயை. உள்ளே, நோயில் கிடந்தபோது நாய் ரொட்டி கொண்டுவந்து காப்பாற்றியதாகச் சொல்லப்படும் புனித ரோக்கின் சிலையடியில், வாயில் ரொட்டியைக் கவ்விக்கொண்டு அது நின்றது. புனிதர் ஆளுயரம், நாயோ ஒன்றரைச் சாண். ஒரே ஓர் ஆப்பு அதைப் பீடத்தோடு பிணைத்திருந்தது. வெர்னுசாலுக்கு வருகிறவர்கள் அந்த நாய்க்காகவே வந்தார்கள்.

எலோய் முப்பத்தொரு ஆண்டுகள் பால் லாரி ஓட்டியவர். மனைவி பெர்த் இறந்த பிறகு, அவருடைய பகல் பொழுதுகளை நிரப்பியவர்கள் அந்தச் சாவிக்காக வந்த அந்நியர்கள்தாம். எவரையும் அவர் வெறுமனே அனுப்பியதில்லை. "அருவிக்குச் சாயங்காலம் போங்க, காலைல போனா வெயில் கண்ணைக் குத்தும். குகைக்குள்ள ஸ்வெட்டர் இல்லாம போயிடாதீங்க. பள்ளத்தாக்குல மடம் ஒண்ணு இருக்கு, பெருசுதான். ஆனா அங்க நாய் கிடையாது." பாரிஸிலிருந்து வந்தவர்களிடம் மட்டும், "ஊர் முடிஞ்சிடுச்சேன்னு திகைக்காதீங்க, இவ்வளவுதான் ஊர்," என்று சேர்த்துக்கொள்வார். ஆண்டின் இறுதியில் அவர்களிடமிருந்து வரும் வாழ்த்து அட்டைகளை அடுப்புக்கு மேலே வரிசையாகச் செருகிவைப்பார்.

பதினோரு ஆண்டுகள் இவ்வாறே சென்றன. 1998 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, நாகரிகமான தம்பதியர் இருவர் நேராக அலுவலகத்திற்கே வந்தனர். சொலான்ஜ் எலோயிடம் சாவியை வாங்கி, தானே அவர்களை அழைத்துச் சென்றாள். அவர்கள் நாயை நெடுநேரம் படமெடுத்தார்கள். பேச்சு சுவையாக இருந்ததால், அது ஒரே ஆப்பில் நிற்பதையும் அவள் சொன்னாள். வெளியே வந்து பூட்டியபோது மணி பன்னிரண்டே கால்.

எலோயின் சன்னல் கதவுகள் பாதி சாத்தியிருந்தன. உள்ளே தட்டில் கரண்டி உரசும் ஓசை. சூப்பின் மிச்சத்தில் சிவப்பு ஒயினை ஊற்றி, தட்டைத் தூக்கிக் குடிக்கும் நேரம் அது. வெர்னுசாலில் வீடு தீப்பற்றினாலன்றி அந்த இரண்டு மணி நேரத்தில் ஒருவர் கதவை இன்னொருவர் தட்டுவதில்லை. ஊரார் எல்லோரும் செய்வதையே சொலான்ஜும் செய்தாள்: சன்னலோரத்து ஜெரானியப் பூந்தொட்டிக்குப் பின்னால் சாவியை வைத்தாள். தம்பதியர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டு மணிக்கு எலோய் சாவியை அங்கிருந்து எடுத்துக் கொக்கியில் மாட்டினார். நான்கு மணிக்கு வேறு சிலருக்காகத் தேவாலயத்தைத் திறந்தபோது நாய் இல்லை. திருட வந்தவர்கள் வேலை முடிந்ததும் ஒழுங்காகப் பூட்டி, சாவியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மாலையில் போலீஸ்காரர் வந்தார். மேயரும் சொலான்ஜும் பீடத்தருகே நின்றிருந்தனர்.

"பன்னெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் சாவி எங்க இருந்துச்சு, முசே?"

எலோய் சொலான்ஜின் பக்கம் திரும்பவில்லை. "எங்கிட்டதான். வேற எங்க இருக்கும்?"

"அப்புறம் நாய் எப்படிப் போச்சு?"

"நாலு காலு இருக்கே. நடந்து போயிருக்கும்."

"விளையாடாதீங்க."

"சரி, எழுதிக்குங்க. வயசாயிடுச்சு. காலைல திறந்தவன் பூட்ட மறந்துட்டேன் போல."

சொலான்ஜ் வாயைத் திறந்தாள். 'சாவியை அங்க வெச்சது நான்' என்ற சிறிய வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்தது. அதற்குள் மேயர் அவள் பக்கம் திரும்பி, "இதெல்லாம் நாளைக்கு ஊராட்சித் தீர்மானத்துல வரணும், குறிச்சுக்கோ," என்றார். அவள் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் தீர்மானத்தைத் தட்டச்சு செய்தவளும் அவளே. 'பொறுப்பாளரின் கவனக்குறைவால்' என்ற சொற்களைப் பிழையின்றி அடித்தாள். சாவி அவளுடைய மேசை இழுப்பறைக்கு வந்தது. கதவு அட்டையும் மாறியது: 'சாவி ஊராட்சி அலுவலகத்தில்.' அன்றுமுதல் எலோயின் கதவை எவரும் தட்டவில்லை. அடுத்த ஆண்டு இறுதியில் அவருடைய அடுப்புக்கு மேலே இரண்டே அட்டைகள் இருந்ததை அவள் கண்டாள். அவற்றுள் ஒன்று அவள் அனுப்பியது.

செவ்வாய்தோறும் பதினொன்றரை மணிக்கு அவர் அலுவலகத்திற்கு வந்து சாவி கேட்கத் தொடங்கினார். விதிப்படி பதிவேட்டில் பெயரும் காரணமும் எழுத வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒன்றையே எழுதுவார்: 'நாய் திரும்பிவிட்டதா என்று பார்க்க.'

"உங்களுக்கு எதுக்கு முசே கையெழுத்து?" என்றாள் ஒருநாள்.

"சட்டம் சட்டம்தான். கவனக்குறைவான ஆளு நான், நம்பிக் குடுத்துடாதே," என்று சிரித்தார். அதில் குத்தல் இருந்ததா என்று பல ஆண்டுகள் யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போவார். ஒருமுறைகூட மேசைமேல் வைத்ததில்லை.

2006இல் அவர் சந்தைநகரத்து முதியோர் இல்லத்திற்குப் போனார். நவம்பரில் ஒரு செவ்வாயன்று, சொல்லியே தீருவது என்று முடிவெடுத்து அவள் சென்றாள்.

"அருவிக்குச் சாயங்காலம்தானே அனுப்புறே?" என்பதே அவருடைய முதல் கேள்வி.

"ஆமா, முசே."

"ஸ்வெட்டர்?"

"சொல்லிடறேன்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "முசே கம்பெஃபோர், அந்த வியாழக்கிழமை நான்..."

தாழ்வாரத்தில் உணவு வண்டி உருண்டு வந்தது. எலோய் கழுத்தில் துண்டைச் செருகிக்கொண்டார். "மணியைப் பாத்தியா? பன்னெண்டு. கிளம்பு பொண்ணே, சாப்பாட்டு நேரத்துல யாராவது பேசுவாங்களா?"

அவள் எழுந்தாள். அன்றும் கதவுக்கு வெளியேதான் நின்றாள். உள்ளே கரண்டி தட்டில் உரசியது. இரண்டு மணிவரை அங்கேயே காத்திருக்கலாம் என்ற எண்ணம் தோன்றியது. ஆயினும் பேருந்தைப் பிடித்து ஊருக்குத் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை எலோய் இறந்துபோனார்.

அவருடைய இறப்பை வெர்னுசால் பதிவேட்டில் எழுதியவள் சொலான்ஜ். தொழில் என்ற இடத்தில் 'பால் லாரி ஓட்டுநர், தேவாலயச் சாவிக்காரர்' என்று எழுதினாள். 1998ஆம் ஆண்டுத் தீர்மானம் பச்சை நிறக் கோப்பில் இன்னமும் அப்படியே இருக்கிறது. அதன் அடியில் 'சாவியை வெளியே வைத்தது நான்' என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட வேண்டியவள் அவள். எட்டு ஆண்டுகள், செவ்வாய்தோறும் அவளெதிரே நின்றும், அந்த ஒரு வரியை எலோய் அவளிடம் கேட்கவே இல்லை.