தகட்டில் ஒரு கீறல்

தம்பி போனது ஒரு புதன்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்காகத் தெருவில் எல்லாப் பட்டறையும் மோட்டாரை நிறுத்தியிருந்த நேரம். அதனால்தான் அக்கா போட்ட சத்தம் கடைசிப் பட்டறைவரை கேட்டது.

அக்காவுக்கு அந்தத் தெருவில் 'மைக்ரான்' என்று பெயர். மில்லிங் மிஷினில் பதினெட்டு வருஷம் நின்றவள். எதையும் அளக்காமல் நம்பமாட்டாள். "பொண்ணு பாக்க வந்தவனையே வெர்னியர் வச்சு அளந்து ரிஜக்ட் பண்ணவ" என்பார் பக்கத்து வெல்டிங்காரர். "ஆமாண்ணே, நீங்க பத்தவச்ச கேட்டு மாதிரி கோணலா நின்னான்" என்று அவளும் திருப்பிக் கொடுப்பாள். தம்பி லேத்தில் உருளைக்கம்பியைக் கடைந்து கொடுப்பான். அவள் அதில் பள்ளம் வெட்டுவாள். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டில் அம்மா.

அன்றைக்கு மிஷினில் கிடந்தது நாலடி ஷாஃப்ட், தம்பி கடைந்த உருளைக்கம்பி. இரண்டு முனையிலும் கீவே வெட்ட வேண்டும். சக்கரம் நழுவாமல் பிடிக்கிற சாவித்துண்டு உட்காரும் பள்ளம் அது. இரண்டு பள்ளமும் ஒரே கோட்டில் இருந்தாக வேண்டும். உருண்டைக் கம்பிக்கு மேல் எது, கீழ் எது என்று கிடையாது. வி வடிவத் தாங்குகட்டையான வி-பிளாக்கில் உட்காரவைத்து கிளாம்ப் போட்டு இறுக்கினால், கழற்றும்வரை இம்மி அசையக்கூடாது. தம்பி பளபளவென்று கடைந்து கொடுத்ததில் தழும்பு விழக்கூடாதென்று, கிளாம்புக்கு அடியில் அலுமினியத் தகடு வைப்பது அவள் வழக்கம்.

முதல் பள்ளம் முடிந்தது. அம்மா கூப்பிட்டாளென்று ஐந்து நிமிஷம் வீட்டுக்குள் போய்வந்தாள். இரண்டாவதையும் வெட்டிக் கழற்றிப் பார்த்தால் இரண்டு டிகிரி கோணல்.

"நான் உள்ள போனப்ப என்னடா பண்ணே?"

"லேத்துலதான் நின்னேன். தொடவே இல்லக்கா."

"தொடாம எப்படிடா திரும்பும்? பேய் வந்து திருப்புச்சா?"

"வெட்டுனது நீ. நீயே பாரு."

"நான் வெட்டுனா தப்பாகாது. பொய் சொல்ற வாயோட என் பட்டறையில நிக்காத."

அதுவரை 'நம்ம பட்டறை' என்றுதான் சொல்லிவந்தாள். தம்பி கையிலிருந்த எண்ணெயை நிதானமாகத் துடைத்தான். "உன் பட்டறைதான்க்கா" என்றான். சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான். டிபன் பாக்ஸ் லேத்து மேலேயே இருந்தது.

சாயங்காலம் வந்துவிடுவான் என்று நினைத்தாள். மூன்று வாரம் ஆயிற்று.

வீணாய்ப்போன ஷாஃப்டை அறுத்து வேறெதற்காவது ஆக்கலாமென்று ஒருநாள் எடுத்தாள். கை சும்மா இருக்குமா? முதல் பள்ளத்தில் சாவித்துண்டை வைத்துத் தள்ளினாள். முக்கால் தூரம் இறுக்கமாகப் போனது. கடைசி விரற்கடையில் மட்டும் பள்ளம் அகன்றிருந்தது, துண்டு லொடலொடவென்று ஆடியது.

அன்று வைத்த தகட்டைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். குறுக்கே நகத்தளவு ஒரு கீறல். கட்டர் கடைசியாக ஆழமாய் இறங்கியபோது கம்பியை இழுத்திருக்கிறது. வழுவழுத்த தகட்டுக்கு அடியில் கம்பி உருண்டிருக்கிறது. அவள் வீட்டுக்குள் போவதற்கு முன்னாலேயே. அவள் கை கைப்பிடியில் இருக்கும்போதே.

உடனே போன் போட்டாள். எண் உபயோகத்தில் இல்லை. இருந்தும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினாள்: "நான்தாண்டா. தகடு வழுக்கிடுச்சு. வாடா." அடுத்த நாளும் அனுப்பினாள். அதற்கடுத்த நாளும். ஒவ்வொன்றிலும் ஒற்றை டிக் மட்டும் விழுந்தது. போட்டோவை எடுத்துக்கொண்டு லேத்து இருக்கிற ஊரெல்லாம் அலைந்தாள். வெல்டிங்காரரை இழுத்துவந்து கீறலைக் காட்டினாள்.

"சரிம்மா, எங்கிட்ட காட்டி என்ன ஆகப்போவுது?"

"யார்கிட்டயாவது சொல்லணும்ணே. நெஞ்சு வெடிச்சிரும்."

அவர் அதற்கப்புறம் கிண்டல் செய்வதை விட்டுவிட்டார். அம்மா தினமும் "போன் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள், இரண்டாம் வருஷம் அதையும் நிறுத்திக்கொண்டாள். மைக்ரான் கிளாம்பை இறுக்குவாள், தளர்த்துவாள், மறுபடி இறுக்குவாள். ஒருநாள் வேலை மூன்று நாள் இழுத்தது. லேத்தின் மேல் துணி போர்த்தியிருந்தாள். துணிக்கு அடியில் டிபன் பாக்ஸ் அப்படியே இருந்தது.

நாலாம் வருஷம், ஒரு காலையில், தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. வேறெங்கோ ஒரு மில்லிங் மிஷின். வி-பிளாக்கில் ஒரு உருளைக்கம்பி. கிளாம்புக்கு அடியில் தகடு இல்லை, கிழித்த பேப்பர் துண்டு. கீழே எழுதியிருந்தது:

"நேத்து எனக்கும் உருண்டுச்சுக்கா. யாரும் தொடல. தகடு வைக்காத, பேப்பர் வை. பிடிச்சுக்கும்."