கலர் இலைச் செடிக்கு ஏற்ற மண்

தொட்டி மண்ணில் விரலை ஊன்றினேன். நகம் மடங்கியது, விரல் இறங்கவில்லை. பத்து நாளைக்கு முன்பு என் கையால் பிசைந்து நிரப்பிய மண், பூசின தரை மாதிரி இறுகிக் கிடந்தது. ஆறு தொட்டியும் அப்படியே. நடுவில் கருஞ்சிவப்பும் ஓரத்தில் இளம்பச்சையுமாக இருந்த இலைகள் கருகிச் சுருண்டு உதிர்ந்துவிட்டன. அவை நான் வைத்த செடிகளும் இல்லை. என் வீட்டுக்காரரின் முதல் மனைவி வைத்தவை. அந்த அம்மாள் இறந்து இரண்டு வருடம் கழித்து, நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு இரண்டாந்தாரமாக நான் வந்தேன். அந்த அம்மாள் விட்டுப்போனது ஏழு வயதுப் பெண் ஒருத்தியும் அந்த ஆறு தொட்டிகளும். கலர் இலைச் செடி என்போம். கோலியஸ் என்கிற பேரெல்லாம் பின்னால்தான் தெரிந்தது.

அந்த இரண்டு வருடமும் பெண்ணை வளர்த்தவர் என் நாத்தனார், வீட்டுக்காரருக்கு அக்காள். பக்கத்து பிளாக்கில் குடியிருந்தார். பிள்ளை இல்லை. பெண் என் கையால் ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டுவிட்டால் அவர் முகம் சிறுத்துப் போகும். எனக்கு யாரிடமும் நிமிர்ந்து பேச வராது. அந்தப் பெண் ஒரு நாள் என்னை அம்மா என்று கூப்பிட்டுவிட்டால் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வேலை செய்வேன். அவள் பக்கத்தில் போக எனக்கு இருந்த ஒரே சாக்கு அந்தச் செடிகள். சாயங்காலம் அவள் தண்ணீர் ஊற்றுவாள், நான் பூக்காம்பைக் கிள்ளி எறிவேன். "கிள்ளினா இலை பெருசா வருமா சின்னம்மா?" என்று ஒருமுறை அவளாகவே கேட்டாள். அன்றைக்குச் சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தை பிறக்கும் முன் மண் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். திருவதிகைப் பக்கம் எங்கள் ஊரில் கத்தரிக்கும் அவரைக்கும் அடுப்புச் சாம்பலைத்தான் போடுவோம். இங்கே சாம்பலுக்கா பஞ்சம்? கரண்டு எடுக்கிற தெர்மலில் நிலக்கரி எரித்த சாம்பல் லாரி லாரியாகப் போகும், ரோட்டோரமெல்லாம் மாவு மாதிரிக் கொட்டிக் கிடக்கும். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று நாத்தனார் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, செடிக்குத் தெர்மல் சாம்பல் கலக்கலாங்களா?"

முறம் நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார். "கலக்கேன். பாதிக்குப் பாதி கலக்கு. தளதளன்னு வரும்" என்றார். அள்ளி வரச் சாக்கும் அவரே கொடுத்தார்.

தண்ணீர் பட்டால் அந்தச் சாம்பல் கட்டிவிடும், அதனால்தான் செங்கல்லுக்குப் பதில் சாம்பல் கல் அறுக்க ஏற்றிப் போகிறார்கள் என்பது டவுன்ஷிப்பில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். நான் மட்டும் புதுசு.

செடிகள் பட்டுப்போன அன்று குழாயடியில் நாலு பேர் நிற்க, நாத்தனார் குரலை உயர்த்தினார். "தெர்மல் சாம்பலப் போயி எவளாவது செடிக்குப் போடுவாளா? பச்சப் புள்ளக்கிக் கூட தெரியுமே! வேணுமின்னே பண்ணிகினு, ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கறா பாரு." பெண் ஒரு காய்ந்த தண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு நாத்தனார் சொன்னார்: "அழுவாத கண்ணு. உங்கம்மா ஒருக்கா செத்தா. இவ இன்னொருக்கா கொன்னுட்டா."

ஷிப்டு முடிந்து வந்த வீட்டுக்காரர் தொட்டிகளை பிளாக்குக்குப் பின்னால் கொண்டுபோய்க் கவிழ்த்தார். மண் உதிரவில்லை, தொட்டி உருவத்திலேயே வந்து விழுந்தது. "யாரையாவது ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நாத்தனார் பக்கத்தில்தான் நின்றார். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே பெண்ணின் சடையைப் பிரித்துப் பின்னினார். அன்றைக்கு அவர் வீட்டுக்குத் தூங்கப் போன பெண், கல்யாணம் ஆகிற வரைக்கும் அங்கேயேதான் இருந்தாள்.

கவிழ்த்த கட்டியில் ஒரு தண்டின் கணு மட்டும் பச்சையாக இருந்தது. முந்தானையில் மறைத்து எடுத்துவந்து மருந்து பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, குளியலறை ஜன்னலில் வைத்தேன். ஒரு வாரத்தில் வெள்ளை வேர் விட்டது. இந்த முறை யாரையும் கேட்கவில்லை. ஊருக்குப் போனபோது முந்திரித் தோப்பில் சருகு மக்கிக் கிடந்த இடத்தில் மேல்மண்ணாக அள்ளினேன். செம்மண் ஒரு பங்கு, மக்கல் ஒரு பங்கு, ஆற்று மணல் அரைப் பங்கு. சலித்து, நனைத்து, கையில் பிடித்துப் பார்த்தேன். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஒரு விரல் தட்டினால் உதிர்ந்துவிட வேண்டும். அந்தப் பதம் வரும்வரை மூன்று தரம் கலந்தேன். இரண்டே மாதத்தில் செடி அதே சிவப்பில் கிளம்பியது.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனேன். பெண்தான் கதவைத் திறந்தாள். தொட்டியை முந்தானையால் மூடியிருந்தேன், அவளே திறந்து பார்க்கட்டும் என்று. "யாரு கண்ணு?" என்று உள்ளேயிருந்து குரல். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "அந்தப் பொம்பள வந்திருக்குது அத்தை." நாத்தனார் உள்ளே சிரித்தது கேட்டது. நான் முந்தானையை விலக்காமலே திரும்பி நடந்தேன்.

மறுநாள் கொடுத்திருக்கலாம். மறுவருடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. செடி கிழடு தட்டினால் ஒரு கிளையை ஒடித்து வேறு தொட்டியில் நடுவேன். அப்படியே முப்பது வருடத்துக்கு மேல் கொண்டுவந்துவிட்டேன்.

ரிட்டயரானதும் டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு வந்தோம். பெண் கோயமுத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். நாத்தனார் தனியாகி, இடுப்பு எலும்பு உடைந்து, எங்களிடம் வந்து படுத்தார். எட்டு மாதம் நான்தான் குளிப்பாட்டினேன், வழித்துப் போட்டேன். ஒரு நாள் ஜன்னலில் இருந்த தொட்டியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது அவ வச்சதாச்சே?" என்றார்.

"ஆமாங்க அண்ணி."

"பட்டுப் பூடுச்சேடி?"

"ஒரு கணு பொழச்சிச்சுங்க."

அவர் கண்ணில் நீர் வந்தது. "புள்ளகிட்ட சொல்லிடுடி."

"நீங்களே சொல்லுங்க அண்ணி. எப்படிப் பட்டுப்போச்சுன்னும் சேத்துச் சொல்லுங்க."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் தொட்டியைச் சுவர்ப் பக்கம் மாற்றி வைத்தேன். அதற்கப்புறம் அவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் தொட்டியை அந்தப் பக்கம் வைத்தேன். பெண்ணிடமிருந்து போன் வரும்போதெல்லாம் அவர் காதில் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "சாப்ட்டியா கண்ணு" என்பதற்கு மேல் ஒரு நாளும் அவரால் பேச முடியவில்லை. தூக்கத்தில் உயிர் போனது. சாகும்போதும் தொட்டி எதிரில்தான் இருந்தது. அதை நினைத்து நான் அழுததில்லை.

போன மாதம் பெண் வந்திருந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. செடியைக் குனிந்து பார்த்தாள்.

"எங்க பால்கனியில கோலியஸ் நிக்கவே மாட்டேங்குது சின்னம்மா. என்ன மண்ணு போடறீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். செம்மண், மக்கல், மணல், கைப்பதம், தொட்டி அடியில் ஓட்டை, காலை வெயில் மட்டும். ஒன்றையும் மறைக்கவில்லை. போனில் தட்டிக் குறித்துக்கொண்டாள். பிறகு ஒரு இலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"எங்கம்மா வச்சிருந்ததும் இதே சிவப்புதான். எனக்கு லேசா ஞாபகம் இருக்கு. ஒரு கிளை ஒடிச்சிக்கட்டுமா?"

"இது எதுக்கும்மா, பழஞ்செடி. இந்த ஜாதி எல்லா நர்சரியிலும் கிடைக்கும்" என்றேன்.