என் உடம்புக்கு அளவெடுத்த வண்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் நேரான ரோடு கிடையாது. ஹட்டனிலிருந்து வீட்டுக்கு வரும் பாதை முழுக்க வளைவுதான். அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு, நேராக மட்டுமே ஓடக்கூடிய ஒரு மோட்டார் சைக்கிளை நானும் அண்ணனும் செய்தோம். மலைக்குக் கீழே, வெயில் நாட்டில், கைவிடப்பட்ட பழைய விமான ஓடுபாதை ஒன்றில் வேகத்தை மட்டும் அளக்கும் ஓட்டம் நடத்துகிறார்கள். ஒவ்வொருவராக ஓட்டவேண்டும். பக்கத்தில் யாரும் வரமாட்டார்கள். எவ்வளவு வேகம் என்பது மட்டும்தான் கணக்கு.

அண்ணனும் அண்ணியும் கொழும்பில் இருக்கிறார்கள். அண்ணனுக்கு அங்கே ஒரு கராஜில் வேலை. எஞ்சின் அவர் பொறுப்பு. நான் ஹட்டனில் ஒரு கடையில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கிராதியும் வெல்டிங் வைத்து ஒட்டுகிறவள். தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் வகுப்பில் இருந்த ஒரே பெண் நான். ஃபிரேம் என் பொறுப்பு ஆனது.

“யாரு ஓட்டறது?” என்று முதல் நாளே கேட்டேன்.

“நீதான். எனக்குத் தொந்தி விழுந்திருச்சு. சின்ன எஞ்சினு, கனமில்லாத ஆளு வேணும். உனக்குப் பயமா?”

“பயமெல்லாம் இல்ல.”

வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டகை. அதன் சிமெந்துத் தரையில் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று வெண்கட்டியால் கோடு போட்டார் அண்ணன். அந்தக் கோட்டுக்குத்தான் நான் குழாய் வெட்டினேன். வண்டிமேல் படுத்தால் என் தாடை டேங்கில் பொருந்தும். கால் வைக்கும் கட்டைகள் பின்சக்கரத்துக்குக் கிட்டே, என் பாதம் தானாகப் போய்ச் சேரும் இடத்தில் இருந்தன. வேறு யார் படுத்தாலும் முழங்கால் இடிக்கும்.

மழைக்காலத்தில் வெல்டிங் கம்பி ஈரம் பிடித்துப் பற்றாது. அடுப்புக்கு மேலே பரண் மாதிரிக் கட்டி அங்கே காயவைப்பேன். மலையில் கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மா அதைப் பார்த்துத் தினமும் ஏசுவார். “பொம்பளப் புள்ளைய எதுக்குடா இதுல படுக்கவைக்கிற?” என்று அண்ணனிடம் சண்டையும் போட்டார். அம்மாவைச் சமாதானப்படுத்தியது அண்ணன்தான். “இவ ஓட்டுனாத்தான் இது வண்டி. இல்லன்னா வெறும் இரும்பு” என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டேன்.

விடுமுறைகளில்தான் அண்ணன் வருவார். ஆக, ஒன்றரை வருடம் போனது. இடித்துப்போட்ட தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வந்த அலுமினியத் தகட்டைத் தட்டி முன்பக்கத்துக்கு மூடி செய்தோம். தோட்டத்து ஆட்கள் எட்டிப் பார்த்து, “என்னம்மா, மீனு மாதிரி இருக்கு” என்பார்கள். யாரோ பாவித்த பழைய தோல் உடுப்பு ஒன்றை வாங்கி, தையல்காரரிடம் கொடுத்து என் அளவுக்கு ஒடுக்கிவைத்தேன்.

ஓட்டத்துக்குச் சில வாரம் இருக்கும்போது, பெயின்ட் அடிக்கவேண்டும் என்று சொல்லி அண்ணன் வண்டியைக் கராஜ் லொறியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனார். நான் நேராக ஓடுபாதைக்கு வந்து சேரவேண்டும் என்பது பேச்சு.

பஸ் மாறி மாறிப் போய் இறங்கினேன். வெயில் கண்ணைக் குத்தியது. எங்கள் வண்டி சிவப்பாக, ஒரு கொட்டகை நிழலில் நின்றது. ஓடிப்போய்த் தொட்டேன். பிறகுதான் கால் கட்டைகளைப் பார்த்தேன். நான் ஒட்டியவை அறுக்கப்பட்டு, ஒரு சாண் பின்னால் தள்ளி வேறு யாரோ ஒட்டியிருந்தார்கள். என் கை வேலை எனக்குத் தெரியும். அது என்னுடையது இல்லை.

அண்ணன் தண்ணீர்ப் போத்தலோடு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“கராஜ் முதலாளி மகன் ஓட்டறாரு, தங்கச்சி.”

“எப்ப முடிவு பண்ணீங்க?”

“லொறி அவங்களோடது, டயரு அவங்களோடது. அவரு கேட்டா நான் எப்படி முடியாதுன்னு சொல்றது?”

“எப்பன்னு கேட்டேன்.”

“தைப்பொங்கலுக்கு முன்னாடியே.”

தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் என்னை வண்டிமேல் படுக்கவைத்து, கழுத்தை இன்னும் தாழ்த்து, முழங்கையை உள்ளே இழு என்று பழக்கினார். பொழுது சாயும்வரை பழக்கினார்.

முதலாளி மகன் வந்தான். நெட்டையான, சிரித்த முகம். “நங்கி” என்று சிங்களத்தில் தங்கையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டான். “நீங்க பயந்து விலகிட்டீங்கன்னு அண்ணன் சொன்னாரு. பரவாயில்ல, எனக்கும் உள்ளுக்குள்ள பயந்தான்.”

அண்ணன் ஏதோ எடுக்கப்போவதுபோல் லொறிப் பக்கம் நடந்துவிட்டார்.

“நான் பயப்படல” என்று அவனுடைய மொழியிலேயே சொன்னேன். அவன் சிரிப்பு நின்றது. என்ன நடந்திருக்கும் என்று அவனுக்குப் புரிந்திருக்கவேண்டும், தலையைக் குனிந்துகொண்டான்.

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன். ஆனால் அந்த ஒட்டு கண்ணை உறுத்தியது. சூடு போதாமல் மேலோடு மட்டும் பிடித்திருந்தது. உதைத்தால் விட்டுப்போகும். அந்த வேகத்தில் கால் நழுவினால் ஆள் மிஞ்சமாட்டான். லொறியில் ஜெனரேட்டரும் வெல்டிங் மெஷினும் இருந்தன. அவனை வண்டிமேல் படுக்கச் சொன்னேன். அவன் காலைப் பிடித்து இடம் குறித்தேன். பழையதைத் தேய்த்து எடுத்துவிட்டு, அவன் அளவுக்கு நானே ஒட்டிக்கொடுத்தேன். முகமூடிக்குள்ளே அழுதேன். அது ஒன்றுதான் வசதி, யாரும் பார்க்கவில்லை.

அவன் ஓட்டினான். வண்டி கொஞ்சமும் ஆடாமல், ஒரு கோடு மாதிரிப் போனது. அதைப் பார்த்து என் உடம்பு சிலிர்த்தது. அதற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. திரும்பி வந்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டு போனில் வீடியோ எடுத்தார்கள். ஃபிரேம் யார் செய்தது என்று ஒருவர் கேட்டார். “எங்க கராஜுலதான்” என்றார் அண்ணன். நான் பத்தடி தூரத்தில்தான் நின்றேன். முதலாளி மகன் என்னைப் பார்த்தான், வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டான்.

அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் சொன்னது பதிவாகியிருந்த வீடியோவை யாரோ கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவருக்குக் காட்டிவிட்டார்கள். தீபாவளிக்கு அண்ணன் வந்தபோது அம்மா சோறு போட்டுவிட்டு, “ஒன் தங்கச்சி பேரச் சொல்ல ஒனக்கு வாய் வரலையா?” என்று கேட்டார். அண்ணன் குழம்பை இழுத்து ஊற்றிக்கொண்டார். இப்போது அந்தக் கராஜில் அவர்தான் மேஸ்திரி. வண்டி கராஜின் முன்கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறதாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

நாங்கள் பேசிக்கொள்கிறோம். அம்மாவின் மருந்து, கூரை ஒழுகல் எல்லாம் பேசுகிறோம். ஆனால் சனிக்கிழமை வருகிறேன் என்று அவர் சொன்னால், நிஜமாகவே வருகிறாரா என்று அண்ணியிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்காமல் நான் உலையில் கூடுதலாக அரிசி போடுவதில்லை.