நாலு கியரும் பின்னால் போன லாஞ்சு

மோரா பந்தர் என்ற படகுத்துறைக்குப் போக நான் இரண்டு தரம் கிளம்பினேன். முதல் தரம் நாற்பது அடி பின்னால் போனேன். இரண்டாம் தரம் எட்டு மைலை ஒரு மணி இருபது நிமிஷத்தில் தாண்டினேன். இரண்டையும் எழுதுகிறேன். பம்பாய்த் துறைமுகத்தின் அந்தக் கரைக்குப் படகில் போக நினைப்பவர்களுக்கும், பழைய லாஞ்சில் கொஞ்சச் செலவில் வேகம் கூட்ட நினைப்பவர்களுக்கும் இது உபயோகப்படும். சூரியோதய வர்ணனை வேண்டுபவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு அது வராது.

நான் மாட்டுங்காவாசி. மெக்கானிகல் டிப்ளமா முடித்து சிவ்ரியில் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு நாள் வளைந்த ஷாஃப்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர் இசக்கி அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம், தாராவியில் வீடு. தோல் கிடங்கு வேலையை உதறிவிட்டு, கையிலிருந்ததையெல்லாம் போட்டு, இருபத்துநாலு அடி லாஞ்சு ஒன்றை வாங்கியிருந்தார். செம்பூருக்குத் தெற்கே மாஹுல் கழிமுகத்தில் அது கிடந்தது. கிடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதிலிருந்த ஒற்றை சிலிண்டர் எஞ்சினுக்கு வயது என்னைவிட அதிகம். அலை இல்லாத நீரில் மணிக்கு நாலு மைல் போகும், அதுவும் மனசு வைத்தால்.

நாலு மைல் ஏன் போதாது என்றால், மாஹுல் கரை முழுக்கச் சேறு. கடல்நீர் உச்சத்துக்கு ஏறும் உயர்ந்த வெள்ளத்துக்கு இரண்டரை மணி முன்னும் இரண்டரை மணி பின்னும்தான் படகு கரையைத் தொட முடியும். இந்த ஐந்து மணிக்குள் மோராவுக்குப் போய்ச் சரக்கு ஏற்றித் திரும்பியாக வேண்டும். தவறினால் சாயங்காலம் வரை சேற்றுக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். போகும்போது ஏறுகிற நீர் எதிர்க்கும். வரும்போது இறங்குகிற நீர் எதிர்க்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் போட்டேன். பழைய எஞ்சினில் சரக்கே ஏற்றாமல் திரும்பினால்கூட நேரம் போதாது.

ஏற்ற வேண்டிய சரக்கு வாழையிலை. மாட்டுங்காவில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் அம்பி ஐயருக்கு ரயிலில் வரும் இலை பிடிக்கவில்லை. மடித்துத் திணித்து, நுனி கிழிந்து வருகிறதாம். "நுனி கிழிஞ்ச இலையைப் போட்டா சம்பந்தி எழுந்து போயிடுவார்" என்றார். மோராவை அடுத்த உரண் பக்கத்து இலையைப் படகில் மடிக்காமல் அடுக்கிக் கொண்டுவந்தால், தை மாத முகூர்த்தம் அத்தனைக்கும் அண்ணாச்சிதான் என்று பேச்சு. (ரேஷன் காலத்தில் எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். இலைக்கு ரேஷன் கிடையாது.)

இது நடக்காவிட்டால் லாஞ்சு விறகாகும். அதற்கு ஆளும் தயார். தாராவி விறகுக்கடைப் பலவேசம், அண்ணாச்சியின் ஊர்க்காரர், படகைத் தட்டித் தட்டிப் பார்த்து ஏற்கெனவே விலை சொல்லியிருந்தார். மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை முதல் நடை. அன்றைக்குப் படகு வெள்ள நேரத்துக்குள் திரும்பாவிட்டால் பலவேசத்துக்கு என்று அண்ணாச்சி வாக்குக் கொடுத்துவிட்டார். மறுபடி தோல் கிடங்குதான் அவருக்கு.

புது மரைன் எஞ்சின் விலையைக் கேட்டால் படகையே விற்க வேண்டும். ஆனால் யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட லாரிகள் குர்லாவில் மலையாகக் கிடக்கின்றன. ஆறு சிலிண்டர் லாரி எஞ்சின், கியர் பாக்ஸோடு சேர்த்து முந்நூற்றுப் பத்து ரூபாய். ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, ஒரு பம்பு வைத்துக் கடல் நீரையே சுற்றவிட்டேன். புகைக்குழாயைச் சரக்குப் பள்ளத்தின் அடியாகப் பின்பக்கம் கொண்டுபோனேன். சூடு ஏறாமலிருக்க அதன் மேல் கல்நார்க் கயிறு சுற்றினேன். கடைசி ஒரு கஜத்துக்குக் கயிறு போதவில்லை. மறுபடி கடைக்குப் போகப் பொறுமை இல்லை, விட்டுவிட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்தது.

மூன்றாம் ஞாயிறு சாயங்காலமே வெள்ளோட்டம். மோரா வரை ஒரு நடை போய்விட்டு வரலாம் என்று கிளம்பினோம். கரையில் மாஹுலின் கோளி மீனவப் பெண்கள் மீன் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பலவேசமும் வந்திருந்தார், தம் சொத்தைப் பார்க்கிற முகத்தோடு. எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. நான் கம்பீரமாக முதல் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டேன்.

லாஞ்சு பின்னால் போனது.

இரண்டாம் கியர் போட்டேன். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. கட்டியிருந்த ஒரு தோணியை இடித்து, மூங்கில் கழி ஒன்றை முறித்து, சேற்றில் பின்பக்கமாக ஏறி நின்றது. கரையில் பெண்கள் "உல்டா சால்லா! உல்டா சால்லா!" என்று, படகு தலைகீழாகப் போவதற்குக் கை தட்டினார்கள்.

"என்னவே சாமி, வண்டி எங்கவே போவுது?" என்றார் அண்ணாச்சி.

"தெரியறது, அண்ணாச்சி. கொஞ்சம் சும்மா இருங்கோ."

"இல்ல, கேக்கேன். லாரியில முன்னால போவ எத்தனை கியரு?"

"நாலு."

"பின்னால போவ?"

"ஒண்ணு."

"அப்பம் நம்ம லாஞ்சுல பின்னால போவ நாலு, முன்னால போவ ஒண்ணு. அப்படித்தான?"

அப்படித்தான். பழைய எஞ்சின் ஒரு திசையில் சுற்றும். லாரி எஞ்சின் எதிர்த் திசையில் சுற்றும். புரொப்பெல்லர், அதாவது நீரைத் தள்ளும் விசிறி, பழையதே. நான் குதிரைசக்தி பார்த்தேன், நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று பார்த்தேன், எடை பார்த்தேன், ஷாஃப்ட் நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை. தெருவில் போகிற எந்த லாரியும் முன்னால்தானே போகிறது!

கரையிலிருந்து பலவேசம் யோசனை சொன்னார்: "பங்க்காவைக் கழத்தித் திருப்பி மாட்டும்வே, சரியாப் போவும்." போகாது. இதை எல்லோரும் சொல்வார்கள், நம்பாதீர்கள். வலது மரை போட்ட திருகாணியை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் வலது மரைதான். புரொப்பெல்லரும் அப்படியே. ரிவர்ஸ் கியரில் போட்டுப் பார்த்தேன். முன்னால் போனது, நடக்கிற வேகத்தில், கழுத்தில் கத்தி வைத்த மாதிரி அலறிக்கொண்டு. லாரி ரிவர்ஸ் என்பது சந்துக்குள் பத்து கஜம் போவதற்குச் செய்தது. எட்டு மைலுக்குத் தாங்காது.

"வியாளக்கெளமை வண்டியும் கோடாலியும் கொண்டாரேன்" என்று பலவேசம் எழுந்து போனார். அண்ணாச்சி குனிந்து, முறிந்த மூங்கிலைப் பொறுக்கி அடுக்கினார். அதுவரை கேலி செய்துகொண்டிருந்தவர் கேலியை நிறுத்தியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

செம்பூரிலிருந்து குர்லாவுக்குக் கரி ரயிலில் திரும்பும்போது ஜன்னல் வழியாக அந்தக் கழித்த சாமான் மலை தெரிந்தது. லாரிகளுக்கு நடுவே தட்டை மூக்குப் படகு ஒன்று தலைகீழாகக் கிடந்தது. துருப்புகளைக் கரையிறக்கும் ராணுவப் படகு. அந்த ரகத்துக்கு இரட்டை எஞ்சின், இரட்டை புரொப்பெல்லர். இரண்டும் ஒரே பக்கம் சுற்றினால் படகு ஒரு பக்கமாக இழுக்கும் என்று ஒன்றை வலதாகவும் மற்றதை இடதாகவும் செய்வார்கள். வலதை ஆட்கள் வாங்கிப் போயிருப்பார்கள். இடது? யாருக்கு வேண்டும்?

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அங்கே போனேன். கடைச் சேட் ஒரு மூலையைக் காட்டினார். இடது புரொப்பெல்லர்கள் ஏழெட்டு, ஆட்டுக்கல்லைப் போல அடுக்கிக் கிடந்தன. "யே உல்டா ஹை, பாபா. நஹீ சலேகா" என்று, தலைகீழ் சாமான், ஓடாது என்று அவரே உண்மையைச் சொன்னார். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, உல்டாவா, சரி, பித்தளைக்காவது ஆகும் என்றேன். பித்தளை விலைக்கே கொடுத்தார்: இருபத்திரண்டு ரூபாய். ஒர்க்ஷாப்பில் விட்டத்தில் ஒரு அங்குலம் குறைத்துச் செவ்வாய்க்கிழமை மாட்டினேன். புதன்கிழமை லாஞ்சு முன்னால் போனது. கோளிப் பெண்கள் ஏமாந்துபோனார்கள்.

வியாழன். உயர்ந்த வெள்ளம் ஒன்பதரை. எங்கள் கெடு ஏழிலிருந்து பன்னிரண்டு வரை. ஏழு பத்துக்குக் கிளம்பினோம். இரண்டாம் கியர்தான் சரியான கியர். படகு மணிக்கு ஏழு மைல் போனது, எதிர்நீர் போக ஆறு. வலப்பக்கம் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. இடப்பக்கம் காரபுரிக் குகைத் தீவு. தீவுக்கும் மோராவுக்கும் நடுவே நீரோட்டம் கொஞ்சம் பலம், சுக்கானை விடாமல் பிடிக்க வேண்டும். எட்டரைக்கு மோரா.

அரை மணியில் ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன். இலை விற்கும் தோட்டக்காரர் மராத்தியில் முடியாது என்று சொல்லிவிட்டார். இலைக்குத் தண்ணீர் தெளித்து, வடித்து, நார் கொண்டு கட்டினால்தான் கொடுப்பாராம். நான் வாட்சைக் காட்டினேன். அவர் வாட்சைப் பார்த்து, நல்ல வாட்ச் என்றார். மறுபடி தண்ணீர் தெளித்தார். பத்து பத்துக்குத்தான் கயிற்றை அவிழ்த்தோம்.

பாதி வழியில் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் கியர் இருக்கிறது, எஞ்சினில் சக்தி இருக்கிறது, எதற்கு வைத்திருக்கிறோம்? போட்டேன். மூக்கு தூக்கியது, பின்பக்கம் தாழ்ந்தது, வீடு உயரத்துக்கு இல்லாவிட்டாலும் இடுப்பு உயரத்துக்கு ஒரு அலை துரத்திக்கொண்டு வந்தது. வேகம் துளியும் கூடவில்லை.

"வேய்! படகு ஓட்டுதீரா, கடல்ல குழி தோண்டுதீரா? தண்ணி உள்ள வருது!"

இரண்டாம் கியருக்குத் திரும்பினேன். இருபத்துநாலு அடிப் படகு மணிக்கு ஏழரை மைலுக்கு மேல் போகாது. கப்பல் எஞ்சினை வைத்தாலும் அலைதான் பெரிதாகும். இது படித்ததுதான், காலில் ஈரம் பட்டபோது ஞாபகம் வந்தது. உள்ளே வந்த தண்ணீரை இறைக்க வேகத்தைக் குறைத்ததில் பத்து நிமிஷம் போயிற்று.

மாஹுல் தெரிந்தபோது பதினொன்று நாற்பது. தூரத்திலேயே பார்த்தேன்: கரையில் இரண்டு மாட்டு வண்டி, பலவேசம், தோளில் கோடாலி. அவருக்கும் எங்களுக்கும் நடுவில் தண்ணீர் பழுப்பாக மெலிந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி முன்னால் போய்க் கழியால் ஆழம் பார்த்தார். "மூணு... ரெண்டரை... விடும்வே, விடும்!" அடியில் சேறு உரசியது. எஞ்சின் ஒரு முறை முனகியது. பழையது அங்கேயே செத்திருக்கும். இது தள்ளியது. மூக்கு கரைக் கல்லில் முட்டி நின்றது.

அண்ணாச்சி குதித்து இறங்கி முதலில் வண்டிகளைத்தான் பார்த்தார்.

"பலவேசம், நல்ல காரியம் செஞ்சேரு. வண்டிக்கு எங்க அலையன்னு இருந்தேன். இலையை ஏத்தும்."

"இது மரம் ஏத்தக் கொண்டாந்த வண்டிவே!"

"வாழை மட்டும் மரம் இல்லியா? ஏத்தும். கோடாலியை அந்தப் பக்கம் வையும், இலை கிளிஞ்சிரும்."

பலவேசம் என்னைப் பார்த்தார், லாஞ்சைப் பார்த்தார். பிறகு கோடாலியை வண்டிக்கு அடியில் சொருகினார். வாடகை மட்டும் கறாராகப் பேசினார், அது நியாயம்.

மாட்டுங்காவுக்கு மூன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்பி ஐயர் ஒவ்வொரு கட்டாக விரித்துப் பார்த்து, நுனியைத் தடவி, தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். கடைசி நாலு கட்டில் நின்றார். அவை புகைக்குழாயின் மேல், நான் கயிறு சுற்றாமல் விட்ட அந்த ஒரு கஜத்தின் மேல் இருந்தவை.

"என்னடா இது, கஷாயத்துல போட்டு எடுத்தாப்பல இருக்கு?"

அண்ணாச்சியின் முகம் மறுபடி ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஆயிற்று. நான் புகைக்குழாய், கல்நார் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். ஐயர் கேட்கவில்லை. ஒரு இலையை எடுத்து நாலாக மடித்தார். வெடிக்கவில்லை. பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நாளன்னிக்குச் சம்பந்திக்குக் கட்டுச்சாதம் கட்டணும். ஒவ்வொண்ணா தணல்ல வாட்டறதுக்கு ரெண்டு ஆளு, ஒரு அடுப்பு. இதைப் பாரு, கருகாம, கிழியாம, பட்டாட்டம் வாட்டியிருக்கு! எந்த அடுப்புடா?"

"லாரி அடுப்பு" என்றேன்.

"சரி. அடுத்த முகூர்த்தத்துக்கு எட்டுக் கட்டு அந்த அடுப்புல போட்டுக் கொண்டு வா" என்று சொல்லிவிட்டு, காபி வரும் என்று எங்களை உட்காரச் சொன்னார்.

போக விரும்புகிறவர்களுக்கு: மாட்டுங்காவிலிருந்து குர்லா போய் வண்டி மாறிச் செம்பூர், அங்கிருந்து மாஹுலுக்கு டாங்கா குதிரை வண்டி கிடைத்தால் டாங்கா, இல்லாவிட்டால் ஒரு மணி நடை. வெள்ள நேரத்தைக் கோளிக்காரர்களிடம் கேளுங்கள். பெட்ரோல் கூப்பன் கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள். மோராவில் அவசரப்படுத்தாதீர்கள், பயனில்லை. எஞ்சின் மாற்றுகிறவர்களுக்கு: பம்பு, குழாய் எல்லாம் சேர்த்து எனக்கு முந்நூற்று எண்பதில் முடிந்தது. வேண்டிய வேகத்துக்குமேல் சக்தி வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். முக்கியமாக, எஞ்சினுக்குப் பின்னால் நின்று, அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். ஒரு நிமிஷ வேலை.

லாஞ்சு இன்னும் மாஹுலில்தான் இருக்கிறது. முகூர்த்த நாளில் பலவேசமும் கோடாலி இல்லாமல் வண்டிகளோடு வந்து நிற்கிறார். போன ஞாயிறு மீதிக் கல்நார்க் கயிறு வாங்கிக்கொண்டு போனேன். அண்ணாச்சி அதைப் பிடுங்கி நங்கூரத்தோடு கட்டிவைத்துவிட்டார்.

"அந்த ஒரு கஜத்துல கை வச்சேருன்னா, சாமின்னு பாக்க மாட்டேன்" என்றார்.