காதர் மாமாவின் மூன்று நாள் விருந்தாளிகள்

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. மாலை அஸர் தொழுகை முடிந்த கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி இருமியது. எங்கள் மேலப்பாளையத்தில் அது வேளை தவறி இருமினால் மவுத்துச் செய்தி, யாரோ இறந்துவிட்டார்கள் என்று பொருள். வாசித்தது காதர் மைதீன் மாமாவின் பெயரை. காலையில்தான் சைக்கிளை எங்கள் வாசலில் நிறுத்தி, என் படிப்பு மேசைக்கு ஒரு பல்பு கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"ஏட்டி நஸ்ரின், மூணு நாள். திங்கக்கிழம காலைல வாரேன். கண்ணு கூசுச்சான்னு கேப்பேன், பொய் சொல்லப்படாது."

அவர்கள் என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். மதியம் நெஞ்சுவலி வந்ததும், வீட்டார் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காதர் மாமா என் வாப்பாவின் அக்காள் கணவர். வளைகுடாவில் பெரிய கட்டடங்களுக்கு விளக்கு மாட்டும் வேலை பார்த்துவிட்டு, ஊர் திரும்பி ஒரு பல்புக் கடை வைத்தார்கள். ஒருவர் உள்ளே நின்றால் அடுத்தவர் தெருவில் நிற்க வேண்டிய கடை. அந்தக் கடையில் காசோடு போய் உடனே பல்பு வாங்கிவிட முடியாது. "எதைப் பாக்கதுக்கு?" என்று முதலில் கேட்பார்கள். பிறகு ஒரு பல்பை இரவல் கொடுப்பார்கள். மூன்று நாள் அது உங்கள் வீட்டு விருந்தாளி. நாலாம் நாள் அவர்களே வந்து, கண் கூசியதா, நிழல் விழுந்ததா என்று விசாரித்து, விருந்தாளியைக் கழற்றிக்கொண்டு போவார்கள். பிடித்திருந்தால்தான் புதுசு விற்பார்கள். ஊரில் அவர்களுக்கு 'விருந்தாளி காதர்' என்றே பெயர்.

அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். கடைப் பலகையில் 'இங்கு வெளிச்சம் கிடைக்கும்' என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே சாக்பீஸால் 'இருட்டு இலவசம்' என்று எழுதிவிட்டு ஓடிவிட்டேன். மறுநாள் அடி விழும் என்று பதுங்கிப் போனால், மாமா பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உண்மையத்தானே எழுதியிருக்கா. ஆள் இல்லாத ரூம்ல சுவிட்ச அணைச்சா இருட்டு எல்லாருக்கும் இலவசம். ஒருத்தனும் வாங்க மாட்டேங்கான்."

அவர்கள் கடைசிவரை அதை அழிக்கவில்லை. மழையில் மங்கும்போதெல்லாம் நான்தான் போய்த் திரும்ப எழுதுவேன்.

ஒரு தடவை, பீடி சுற்றும் ஒரு பெரியம்மா பெரிய வாட் பல்பு வேண்டுமென்று வந்தார்கள். இலை வெட்டும்போது தட்டே தெரியவில்லையாம். மாமா அவர்கள் வீட்டுக்குப் போய், அந்தம்மா உட்காரும் பாயிலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். பல்பு முதுகுக்குப் பின்னால் இருந்தது. சொந்த நிழலே தட்டில் விழுந்து கிடந்தது. ஹோல்டரைக் கழற்றி எதிர்ச் சுவருக்கு மாற்றி, ஒன்பது வாட்டில் ஒரு எல்.இ.டி. பல்பை மாட்டினார்கள்.

"வாட்டக் கூட்டாதிய, எடத்த மாத்துங்க. வாட்டுங்கது அது திங்கிற சோறு. லூமன்னு அட்டையில போட்டிருக்கு பாருங்க, அதுதான் தருத வெளிச்சம். கொறச்சுத் தின்னுட்டு நெறைய வேல செய்யுதவனத்தான் வீட்டுல வச்சுக்கிடணும்."

"அப்படின்னா எங்க வாப்பா என்னைய எப்பமோ வெளிய தள்ளியிருக்கணும் மாமா" என்றேன்.

"ஒனக்கு வாட்டும் சாஸ்தி, வாயும் சாஸ்தி" என்றார்கள்.

சிரிப்பில்லாத ஒரு காலமும் இருந்தது. அதையும் எழுதாமல் விட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும். போன வருடம், எங்கள் சேலைக் கடைக்கு எதிரே ஒரு புதுக் கடை வந்தது. ஜொலிக்கிற வெள்ளை விளக்குகளைப் பார்த்து வாப்பாவுக்கு வாட்டம் வந்துவிட்டது. வாட்டம் வந்தவர் வாட்டைக் கூட்டினார். வேனில் விற்றுக்கொண்டு போனவரிடம், இருப்பதிலேயே பிரகாசமான மலிவு பல்புகளைப் பெட்டியோடு வாங்கிக் கடை முழுக்க மாட்டினார்.

மாமா வந்து ஒரு சேலையை விரித்துப் பார்த்தார்கள். "மாப்ள, நீங்க விக்கிறது வெளிச்சம் இல்ல, கலரு. இந்தப் பல்புல செவப்பு செத்துக் கெடக்கு. செவப்ப செவப்பாக் காட்டுத பல்பு வேற இருக்கு."

"உங்ககிட்ட வாங்கலைங்கிற ஆத்திரத்துல பேசுதிய மச்சான்" என்றார் வாப்பா, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே.

மாமா சேலையை மடித்து வைத்துவிட்டுப் போனார்கள். அதோடு பேச்சு நின்றது.

பிறகு சாத்தான்குளத்துக் கல்யாண வீட்டார் வந்தார்கள். அக்கா தங்கை நாலு பேருக்கும் ஒரே மாதிரி காப்பிக் கலர் என்று எங்கள் கடையில் எடுத்த சேலைகளில் இரண்டு, பந்தலில் வெயில் பட்டதும் மெரூனாகிவிட்டன. நாலு பேரில் இரண்டு பேர் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்த மாதிரி போட்டோவில் நிற்கிறார்கள். அதற்கப்புறம் வருகிற பெண்கள் எல்லாம் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பார்த்தார்கள். பாதிப் பேர் அப்படியே எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். வாப்பா பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துவைத்தார். கடையை மூடிவிட்டுத் திரும்பவும் சவூதிக்குப் போகிற பேச்சு வீட்டில் நடந்தது. நான் பிறந்ததிலிருந்து ஏழு வயது வரை வாப்பாவை போனில்தான் பார்த்தேன். மறுபடியும் அதற்கு நான் தயாராக இல்லை.

மாமாவிடம் போய், "படிக்கிற மேசைக்கு ஒரு விருந்தாளி வேணும், கலர் பென்சில் வச்சுப் படம் வரையணும், கலர் சரியாத் தெரியணும்" என்றேன். கொடுத்தார்கள். அதைக் கொண்டுபோய் எங்கள் கடையின் உள்மூலையில், பழைய பல்பைக் கழற்றிவிட்டு மாட்டினேன். வாப்பா மதியம் லுஹர் தொழப் போயிருந்தார்.

மூன்று நாளும் பெண்கள் அந்த மூலையிலேயே நின்றார்கள். யாரும் சேலையை வாசலுக்குக் கொண்டுபோகவில்லை. வாப்பா காரணம் கண்டுபிடித்தார். "அந்த மூலையில பரக்கத்து இருக்குட்டி, அல்லாவோட அருளு" என்று சொல்லி, நல்ல சேலைகளை எல்லாம் அங்கே மாற்றி அடுக்கி, சாம்பிராணியும் போட்டார்.

எல்லாவற்றையும் யோசித்த நான் நாலாம் நாளை யோசிக்கவில்லை. மாமா வழக்கப்படி வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"கண்ணு கூசுச்சா?"

"இல்ல மாமா, ஜோரா இருந்துச்சு."

மேசையைப் பார்த்தார்கள். அங்கே ஹோல்டரே கிடையாது. என்னைப் பார்த்தார்கள். கலர் சரியாகத் தெரிய வேண்டும் என்று நான் கேட்டது ஞாபகம் வந்திருக்க வேண்டும், நேரே எங்கள் கடைக்கு நடந்தார்கள். நானும் பின்னால் ஓடினேன்.

பேச்சில்லாத மச்சான் கடையேறி வந்ததும் வாப்பா எழுந்து நின்றுவிட்டார். மாமா ஸ்டூலைப் போட்டு ஏறினார்கள். "இது விருந்தாளி மாப்ள. நாள் முடிஞ்சுட்டு" என்று பல்பைக் கழற்றி, நான் ஒளித்து வைத்திருந்த பழைய பல்பை வாங்கி மாட்டினார்கள். வாப்பாவின் கையில் விரித்தபடி இருந்த மெரூன் சேலை, எங்கள் கண் முன்னாலேயே காப்பிக் கலரானது.

வாப்பா சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அப்போது எதையாவது குத்திச் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லியிருப்பேன். அவர்கள் பல்பைத் துணியில் சுற்றத் தொடங்கினார்கள்.

"திரும்ப மாட்டுங்க மச்சான்" என்றார் வாப்பா, தாழ்ந்த குரலில்.

"இவன் அடுத்த வீட்டுக்குப் போகணும். ஒங்களுக்குக் குடியிருக்கிறவன் தாரேன். மொதல்ல அந்த அட்டப்பெட்டிய எல்லாம் எறக்குங்க."

பெட்டிகளை இறக்கினோம். பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. எங்கள் கடையில் ஜன்னல் இருப்பதை நான் அன்றுதான் அறிந்தேன். "பகல்ல இவருதான் பல்பு" என்றார்கள் மாமா. வாப்பா கேட்டதில் பாதி எண்ணிக்கைக்கு மேல் அவர்கள் விற்கவில்லை. லுங்கி அடுக்குக்கு ஒன்று போதும், சரக்கறைக்குச் சின்னது போதும் என்று சண்டை பிடித்துக் குறைத்தார்கள். பாஸ்போர்ட் பீரோவுக்குத் திரும்பிப் போனது.

என்னிடம் ஒன்று மட்டும் சொன்னார்கள். "விருந்தாளியத் திருட்டுத்தனமாக் கூட்டிட்டுப் போகப்படாதுட்டி. சொல்லியிருந்தா நானே வந்து மாட்டியிருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை, துக்கத்தின் மூன்றாம் நாள், மாமா வீட்டு வாசலுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கையில் துணியில் சுற்றிய பல்புகள். எந்த விருந்தாளி எந்த வீட்டில் இருக்கிறான் என்பது மாமாவுக்கு மட்டுமே தெரியும். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் பீடி சுற்றும் பெரியம்மா, தன் தங்கச்சி வீட்டுக்கு இரவல் போயிருந்த பல்போடு வந்தார்கள். அல்வாக் கடை அண்ணாச்சி ஜங்ஷனிலிருந்து வந்தார். இத்தாவில் இருக்கும் மாமி உள் அறையில்; கணவரை இழந்தவர் நாலு மாதத்துக்கு மேல் வெளியாட்கள் முன்னால் வரக்கூடாது. பல்புகளை வாங்கி உள்ளே கொண்டுபோனது நான்.

மாமி ஒவ்வொன்றையும் மடியில் வைத்துப் பார்த்தார்கள். திடீரென்று, "கண்ணு கூசுச்சான்னு கேளுட்டி" என்றார்கள்.

கேட்டேன். வாசலில் நின்றது அல்வாக் கடை அண்ணாச்சி. "கூசலம்மா. அல்வா நெறம் நல்லாத் தெரியுது. நாலு வேணும்னு சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்.

"கடையத் தொறக்கணும்லா, அப்பம்" என்றார்கள் மாமி, உள்ளிருந்து.

இத்தா முடிந்து மாமி வரும்வரை காலை ஒரு மணி நேரம் மாமா கடையை வாப்பா திறப்பது என்று முடிவானது. இன்று திங்கட்கிழமை. மாமாவின் சைக்கிளில் பல்புப் பெட்டியோடு, உயரமான சீட்டில் கால் எட்டாமல் வாப்பா ஆடி ஆடிப் போவதை இப்போதுதான் பார்த்தேன். பீடி சுற்றும் பெரியம்மாவின் தங்கச்சி வீட்டுக்குக் 'குடியிருக்கிறவன்' போகிறான்.

என் மேசையில் உங்கள் விருந்தாளி இன்னும் இருக்கிறான் மாமா. இந்தத் தடவை ஹோல்டரும் இருக்கிறது. நீங்கள் வருவதாகச் சொன்ன நேரம் தாண்டிவிட்டது, அதனால் நானே கழற்றிக்கொண்டு மாமியிடம் போகிறேன். போகிற வழியில் பலகையில் மங்கிய எழுத்தையும் சரிசெய்ய வேண்டும்.

கண் கூசவில்லை மாமா. பொய் இல்லை.