மொத்தத்தின்படி வரிசை

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் குடிநீர்ப் புகார்களைக் கணினியில் ஏற்றுவதும், வாரா வாரம் அறிக்கை எடுப்பதும் என் பொறுப்பு. ஒப்பந்த வேலைதான். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, நாற்காலியில் உட்கார்ந்தே பொழுதைக் கழித்து, மறுபடி நின்றுகொண்டே வீடு திரும்புவேன். எல்லா நாளும் எனக்கு ஒரே நாள் போலத்தான்.

முன்பெல்லாம் அறிக்கையில் தெருக்கள் அகர வரிசையில் வரும். அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. "எந்தத் தெருவுல புகார் கூடுதலோ அது மேல வரணும்மா" என்றார். புகார்களைத் தெருவாரியாகச் சேர்த்து, ஒவ்வொரு தெருவுக்கும் மொத்தம் போட்டு, அந்த மொத்தத்தின்படி தெருக்களை அடுக்க வேண்டும். சொல்வது சுலபம். நான் அடுக்கியபோது தெருவுக்குள் இருந்த புகார்கள்தான் இடம் மாறின. தெருக்கள் அசைந்து கொடுக்கவில்லை. மொத்தத்தை முதலில் தனியாகக் கணக்கிட்டு வைத்துக்கொண்டுதான் அடுக்க வேண்டும் என்று பிடிபடுவதற்குள் தலை வலித்துவிட்டது. ஒருவழியாக வந்தது. முதல் பக்கத்தில் இருக்கும் தெருக்களுக்குத் தண்ணீர் லாரி போகும் என்றார் அதிகாரி. இரண்டாம் பக்கத்தைப் புரட்டும் வழக்கம் அவருக்கு இல்லை.

பத்தமடைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து பாய் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார். மோட்டார் எரிந்துபோய் அவர்கள் தெருக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. "ஏம்மா, இதுல எங்க தெரு எங்கன இருக்கு?" என்று மேசையோரம் நிற்பார். தேடிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் இருந்தது. மொத்தம் ஒன்று.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் தெருவே கூடி ஒரே மனு எழுதி, எல்லா வீட்டுக்காரர்களும் அதில் கையெழுத்துப் போடுவது அவர்கள் வழக்கம். எத்தனை கையெழுத்து இருந்தாலும் கணினிக்கு அது ஒரு மனு. வேறு தெருக்களில் ஒரே வீட்டு அப்பனும் மகனும் மருமகளும் தனித்தனியாகப் போன் போட்டு மேலே ஏறிவிடுவார்கள்.

மனுவுக்குப் பதிலாக வீடுகளைக் கூட்டலாமே என்று அதிகாரியிடம் கேட்டேன். "கையெழுத்த எண்ணுததுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கும்மா?" என்றார். அதற்கு மேல் வாதாட எனக்குத் தெம்பில்லை.

பாயிடம், "வீட்டுக்கொரு மனுவாக் குடுங்க பாய்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "ஒண்ணா எழுதுனாத்தானம்மா மரியாத" என்றார். ஆனாலும் வீடு வீடாக ஏறி இறங்கி, எழுத வராதவர்களுக்குத் தானே எழுதிக் கொடுத்து, கதவு எண்ணும் போட்டு ஒரு கட்டாகக் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் ஏற்றினேன். அந்த வாரம் அவர்கள் தெரு முதல் பக்கத்தில் வந்தது. லாரியும் போனது. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வேலையில் ஒரு சந்தோஷம்.

அடுத்த வாரம் அவர் வந்தபோது, "தண்ணி வந்துச்சா பாய்?" என்று நானே கேட்டேன்.

"தெருவுக்கு வந்துச்சும்மா. எனக்குத்தான் இல்ல."

லாரிக்காரர் கையில் இருந்தது என் அறிக்கைதான். தெருவின் பெயருக்குக் கீழே அச்சாகியிருந்த கதவு எண்களைப் பார்த்துப் பார்த்து அளந்து ஊற்றியிருக்கிறார். ஊர் மனுவையெல்லாம் எழுதிய மனிதர் தன் மனுவை எழுதவில்லை. கூட்டு மனுவில் முதல் கையெழுத்து எப்போதும் அவருடையது. அந்தப் பழக்கத்தில் இந்தத் தனி மனுக்களிலும் தன்னுடையது இருப்பதாகவே நினைத்துவிட்டார்.

"யாரையும் குத்தம் சொல்ல முடியாதும்மா. அக்கம்பக்கத்துல அவியளுக்கும் அளந்துல்லா ஊத்துனான். வாய்க்கால்ல போயி மோந்துட்டு வந்தேன்" என்றார்.

எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன. அங்கேயே ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொல்லி, உடனே ஏற்றினேன். தண்ணீர் கிடைத்த வீடுகளின் மனுக்களெல்லாம் தீர்ந்தவை என்று அறிக்கையிலிருந்து நீங்கியிருந்தன. தெருவின் பெயரில் மிஞ்சியது அவருடையது மட்டும். புதிய அறிக்கையை அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் பக்கத்தில் தன் தெருவைத் தேட ஆரம்பித்தார். அது கடைசிப் பக்கத்தில் இருந்தது. மொத்தம் ஒன்று.